குமிழும் திரையும்: வீட்டில் செய்யும் ரேடியோவுக்கு ரோட்டரி என்கோடரும் டிஸ்ப்ளேயும் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டும் சின்ன கணினி போர்டு) வைத்து முதல் கருவியைச் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்ப்ளேயை ஒரு நாள் வாங்குகிறார்கள், குமிழுக்கு அடியில் இருந்து திருப்புவதை அடி அடியாகச் சொல்லும் என்கோடரை இன்னொரு நாள் வாங்குகிறார்கள். தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். ஒன்றாகச் சேர்த்ததும் தொல்லை ஆரம்பிக்கும். குமிழைத் திருப்பினால் எண் தாவும், சில சமயம் பின்னோக்கிப் போகும், திரை மினுங்கும். எனக்கும் இது நடந்தது. என்கோடர்தான் கெட்டுவிட்டது என்று மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். கோளாறு என்கோடரில் இல்லை. திரையை எழுதுவதற்கு ஆன நேரத்தில் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், இவை இரண்டையும் ஜோடியாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பொதுப்படையாகப் பேசினால் பிடிபடாது. ஒரு கருவியையே எடுத்துக்கொள்வோம்: ஷார்ட்வேவ் ரிசீவருக்கான விஎஃப்ஓ. நாம் கேட்க விரும்பும் அலைவரிசைக்கு ரிசீவரைக் கொண்டுபோகும் சுற்று அது. ஒரு ஆர்டுயினோ நானோ, ஒரு எஸ்ஐ5351 மாட்யூல், ஒரு என்கோடர், ஒரு டிஸ்ப்ளே, இவ்வளவுதான். எஸ்ஐ5351 சில்லு 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 160 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த அலைவரிசையை வேண்டுமானாலும் தரும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் டிரான்ஸீவரிலும் (கேட்கவும் ஒலிபரப்பவும் செய்யும் ரேடியோ) இதே கூட்டணிதான்: நானோ, எஸ்ஐ5351, என்கோடர், 16×2 எல்சிடி. (கேட்பதோடு நிற்காமல் ஒலிபரப்பவும் வேண்டுமென்றால் பொழுதுபோக்கு ரேடியோவுக்கான அமெச்சூர் உரிமம் கட்டாயம்.) நீங்கள் செய்வது பவர் சப்ளையாகவோ டைமராகவோ இருந்தாலும் கீழே வரும் கணக்கு அப்படியே பொருந்தும்.

1. கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்கு

இந்தியாவில் 40 மீட்டர் அமெச்சூர் பட்டை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. மொத்தம் 200 கிலோஹெர்ட்ஸ். எஸ்எஸ்பி முறையில் (அமெச்சூர்கள் குரலை அனுப்பும் முறை) பேசுகிறவரின் குரலைச் சரியாகப் பிடிக்க 10 ஹெர்ட்ஸ் அளவுக்கு நுணுக்கமாக நகர வேண்டும். நூறு ஹெர்ட்ஸ் விலகினாலே குரல் தடித்தோ கீச்சென்றோ கேட்கும்.

இப்போது என்கோடரின் ஒரு சுற்றுக்கு 20 கிளிக் என்று வையுங்கள். ஒரு கிளிக்குக்கு 10 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 200 ஹெர்ட்ஸ். பட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக ஆயிரம் சுற்று! ஒரு கிளிக்குக்கு ஒரு கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் பத்தே சுற்றில் போய்விடலாம், ஆனால் யார் குரலும் சரியாக வந்து நிற்காது.

ஆகவே அடிவைப்பை, அதாவது ஒரு கிளிக்குக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை, மாற்றும் வசதி வேண்டும். குமிழை அழுத்தினால் 10, 100, 1000 என்று மாறுவது எளிய வழி. அப்படியென்றால் அழுத்தும் சுவிட்ச் உள்ள என்கோடர் வேண்டும். இப்போது எந்த அடிவைப்பு ஓடுகிறது என்று டிஸ்ப்ளே காட்டவும் வேண்டும். ஓர் இலக்கத்தின் கீழ் கோடு போட்டாலே போதும். பாருங்கள், என்கோடரில் எடுத்த முடிவு டிஸ்ப்ளேயில் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்கள் கருவி எதுவானாலும் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: மொத்த எல்லை எவ்வளவு, மிகச்சிறிய அடி எவ்வளவு, திரையில் எத்தனை இலக்கம் தெரிய வேண்டும். விஎஃப்ஓவுக்கு மூன்றாவது எண் ஏழு: 7.123.450.

2. என்கோடர்

பொட்டென்ஷியோமீட்டர் போதாதா என்று கேட்பார்கள். வால்யூமுக்குப் போதும். அது முக்கால் சுற்றோடு நின்றுவிடும், ஆனால் கரண்ட் போய் வந்தாலும் தன் இடத்தை மறக்காது. என்கோடர் முடிவில்லாமல் சுற்றும், ஆனால் தான் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. "ஓர் அடி வலம், ஓர் அடி இடம்" என்று மட்டும்தான் சொல்லும். கடைசி அலைவரிசையை நினைவில் வைப்பது உங்கள் நிரலின் வேலை.

உள்ளே ஏ, பி என்று இரண்டு தொடர்பு முனைகள், இரண்டுக்கும் பொதுவாக சி. வலப்பக்கம் திருப்பினால் ஒன்று முந்தும், இடப்பக்கம் திருப்பினால் மற்றது முந்தும். ஒரு பல்ஸுக்குள் நான்கு நிலைகள் வந்து போகும்: இரண்டும் திறப்பு, ஏ மட்டும் மூடல், இரண்டும் மூடல், பி மட்டும் மூடல். இந்த நான்கு என்ற எண் பின்னால் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் அதிகம் கிடைப்பது ஈசி11 வகை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். கேஒய்-040 என்ற பெயரில் சின்ன போர்டில் பொருத்தி வருவதும் இதுவே. சால்டர் செய்யாமல் ஒயரைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் கற்றுக்கொள்ள கேஒய்-040 வசதி. பெட்டிக்குள் பொருத்த நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். போர்டும் அதன் பின்களும் இடத்தை அடைத்துக்கொள்ளும். தனி ஈசி11 வாங்கி ஒயரை நேராகச் சால்டர் செய்வது மேல். கேஒய்-040 வாங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். சுற்றும் பின்கள் இரண்டுக்கும் 10 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் (தொடர்பு திறந்திருக்கும்போது பின்னை சப்ளை வோல்ட்டேஜில் நிறுத்துவது) போட்டிருப்பார்கள், சுவிட்ச் பின்னுக்குப் பல போர்டுகளில் போடாமல் காலியாக விட்டிருப்பார்கள். நிரலில் அந்தப் பின்னுக்கு உள் புல்-அப்பைப் போட்டுவிடுங்கள். நானோவுக்குப் பதில் இஎஸ்பி32 பயன்படுத்துகிறவர்கள் 34, 35, 36, 39 பின்களில் என்கோடரைக் கொடுக்க வேண்டாம், அவற்றில் உள் புல்-அப் கிடையாது.

ஈசி11-இலேயே உட்பிரிவுகள் உண்டு. இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 20 பல்ஸ், 20 கிளிக் ஒரு வகை. 15 பல்ஸ், 30 கிளிக் இன்னொரு வகை. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதல் வகையில் ஒரு கிளிக்குக்கு நான்கு நிலைகள், இரண்டாவதில் இரண்டு. முதல் வகைக்கு எழுதிய நிரலில் இரண்டாவதைப் போட்டால் இரண்டு கிளிக்குக்கு ஒரு முறைதான் எண் மாறும். என்கோடர் பழுது என்று தூக்கி எறிவதற்கு முன் இதைப் பாருங்கள்.

எது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். பீப் சத்தம் வரும் இடத்தில் வையுங்கள். என்கோடரின் ஒரு பக்கம் மூன்று கால், எதிர்ப்பக்கம் இரண்டு கால் இருக்கும். இரண்டு கால் சுவிட்சுக்கு. மூன்றில் நடுக்கால் பொது. ஒரு முனையை நடுவிலும் இன்னொன்றை ஓரத்திலும் வைத்து, தண்டில் ஒரு பேனாக் கோடு போட்டுவிட்டு, மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் இடையில் ஒரு சின்ன பீப் வந்து, கிளிக்கில் உட்காரும்போது அமைதியாகிவிட்டால் அது 20-20 வகை. ஒரு கிளிக்கில் உட்கார்ந்தால் பீப் நிற்காமல் ஒலிக்கிறது, அடுத்த கிளிக்கில் அமைதி, மறுபடி பீப் என்று மாறி மாறி வந்தால் அது 15-30. பீப் கரகரவென்று உடைந்து வந்தால் தொடர்பு முனை தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நல்ல கம்பெனி என்கோடர்களின் விவரத்தாளில் பல்ஸ் எண்ணிக்கை தெளிவாக இருக்கும். போர்ன்ஸ் நிறுவனத்தின் பிஇசி11ஆர் தொடரில் 12, 18, 24 பல்ஸ் வகைகள் உண்டு. ஒருமுறை அதைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் விரலிலேயே தெரியும். தினமும் கை படும் கருவிக்கு அந்தக் கூடுதல் செலவு தகும் என்பது என் கருத்து.

சரி, கிளிக்கே இல்லாமல் வழுவழுப்பாகச் சுற்றும் பெரிய குமிழ் வேண்டுமா? ஆப்டிகல் என்கோடர் இருக்கிறது. 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோக உடம்பு, 600 பல்ஸ் உள்ளது எளிதாகக் கிடைக்கும். 600-ஐ நான்கால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 2400 நிலைகள். ஒரு நிலைக்கு ஒரு ஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 2.4 கிலோஹெர்ட்ஸ்; பழைய தரமான ரிசீவரைத் திருப்பும் சுகம் அதில் கிடைக்கும். ஆனால் முதல் கருவிக்கு வேண்டாம். அதன் வெளியீடு ஓப்பன் கலெக்டர், அதாவது கம்பியைக் கிரவுண்டுக்கு இழுக்க மட்டுமே தெரியும் என்பதால் புல்-அப் ரெசிஸ்டர் நீங்கள்தான் போட வேண்டும். சிக்னல் ஒயர் தவறி நேராக சப்ளையில் பட்டால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். இடமும் நிறைய அடைக்கும். இரண்டாவது ரேடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டையும் பாருங்கள். 6 மில்லிமீட்டர் விட்டம் பொது. அதில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியது ஒரு வகை, பற்கள் வெட்டியது இன்னொரு வகை. குமிழை அதற்கேற்ப வாங்க வேண்டும். கொஞ்சம் பெரிய, கனமான குமிழாக இருந்தால் நுணுக்கமாகத் திருப்ப எளிது.

3. டிஸ்ப்ளே

இங்கே ஆசை கண்ணை மறைக்கும். வண்ணத் திரை அழகுதான். ஆனால் ஏழு இலக்கமும் ஓர் அடிக்கோடும் காட்ட அது தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

16×2 எழுத்து எல்சிடி முதல் கருவிக்கு நான் கைகாட்டுவது. 5 வோல்ட்டில் ஓடும், எழுத்து ஐந்தரை மில்லிமீட்டர் உயரம், மேசைக்கு அந்தப் பக்கமிருந்தும் படிக்கலாம். பின்னால் ஐ2சி (ஒரே இரண்டு கம்பியில் பல சில்லுகள் தனித்தனி முகவரியோடு பேசும் முறை) போர்டு ஒட்டியதாக வாங்கினால் சப்ளையும் சேர்த்து நான்கே ஒயர். அந்த போர்டில் பிசிஎஃப்8574 சில்லு இருந்தால் முகவரி பெரும்பாலும் 0எக்ஸ்27, பிசிஎஃப்8574ஏ இருந்தால் 0எக்ஸ்3எஃப். விளக்கு எரிகிறது, ஆனால் எழுத்தே வரவில்லை என்றாலோ, ஒரு வரி முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றாலோ உடனே பயப்பட வேண்டாம். பின்னால் நீல நிறத்தில் ஒரு சின்ன பிரீசெட் இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்புங்கள், கான்ட்ராஸ்ட் அதில்தான். கட்டங்கள் அப்படியே நின்றால் முகவரி தப்பு அல்லது ஒயர் தப்பு.

அடுத்தது 0.96 அங்குல ஓஎல்இடி, எஸ்எஸ்டி1306 சில்லுடன் வருவது. 128×64 புள்ளிகள், கறுப்பில் வெள்ளை, பார்க்கக் கூர்மை. ஆனால் எரியும் பகுதி 22-க்கு 11 மில்லிமீட்டர்தான். கைநீளத் தூரத்தில் பெரிய எழுத்தில் போட்டால்தான் எண் தெரியும். கொஞ்சம் பெரிதாக 1.3 அங்குலத்தில் வருவது பெரும்பாலும் எஸ்எச்1106 சில்லு. 1306-க்கான லைப்ரரியை (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) அதில் ஓட்டினால் படம் குழம்பிப்போகும், அல்லது ஓரத்தில் இரண்டு புள்ளி அகலத்துக்குக் குப்பை தெரியும். லைப்ரரியில் சில்லின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

ஓஎல்இடியில் என் மனதை நோகடித்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போர்டுகளில், ஒன்றில் முதல் பின் கிரவுண்ட், இரண்டாவது சப்ளை, இன்னொன்றில் தலைகீழ். பழையதைக் கழற்றிப் புதியதை அதே சாக்கெட்டில் செருகினேன். திரை வரவே இல்லை. விரல் வைத்துப் பார்த்தபோது போர்டு சுட்டது. பின்னில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் செருகாதீர்கள்.

இன்னும் இரண்டு வகை. மேக்ஸ்7219 சில்லுடன் வரும் எட்டு இலக்க ஏழு-துண்டு எல்இடி, அலைவரிசை காட்டவே செய்தது போலிருக்கும். இருட்டிலும் வெளிச்சத்திலும் தெளிவு, ஒன்பது மில்லிமீட்டர் உயர எண். ஆனால் அதற்கு ரேடியோவில் ஒரு குறை உண்டு, பின்னால் சொல்கிறேன். ஐஎல்ஐ9341 சில்லுள்ள வண்ணத் திரை 240×320 புள்ளிகள். மைக்ரோபிட்எக்ஸின் ஆறாம் பதிப்பில் எல்சிடிக்குப் பதில் 2.8 அங்குல வண்ணத் திரைதான் வந்தது, அதனால் முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் அதன் சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, நானோ தருவது 5 வோல்ட். இடையில் லெவல் மாற்றி வேண்டும். இ-பேப்பர் வேண்டவே வேண்டாம். குமிழைத் திருப்பி ஓரிரண்டு விநாடி கழித்து எண் மாறினால் ஸ்டேஷனைத் தேட முடியாது.

தமிழில் காட்டலாமா என்று சிலர் ஆசையோடு கேட்கிறார்கள். 16×2 எல்சிடியில் நாமே வரையக்கூடிய எழுத்து எட்டுதான், ஒவ்வொன்றும் ஐந்து புள்ளி அகலம். "ண" அதற்குள் அடங்காது. ஓஎல்இடியிலோ வண்ணத் திரையிலோ சொல்லைப் படமாக மாற்றிப் போடுவது சுலபமான வழி. "அலைவரிசை" என்று ஒரு முறை வரைந்து வைத்துவிட்டால் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். தமிழில் பெயர் தெரியும் ரேடியோ மேசையில் இருப்பது தனி மகிழ்ச்சி.

4. இரண்டும் மோதும் இடம்

குமிழை விநாடிக்கு ஒரு சுற்று திருப்புகிறீர்கள். 20 பல்ஸ், ஒவ்வொன்றிலும் நான்கு நிலை. விநாடிக்கு 80 மாற்றம். அதாவது பன்னிரண்டரை மில்லிசெகண்டுக்கு ஒன்று. இப்போது ஓஎல்இடியை முழுசாக எழுத 1024 பைட் அனுப்ப வேண்டும். ஐ2சியில் பைட்டுக்கு ஒன்பது பிட். வழக்கமான 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அது 92 மில்லிசெகண்ட், 400-இல் 23. நிரல் என்கோடரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரையை எழுதிவிட்டு வருவதற்குள் ஏழு மாற்றம் வரை தவறிப்போகும். தாவலும் பின்னோட்டமும் வந்தது இதனால்தான்.

தீர்வு இரண்டு பக்கமும் இருக்கிறது. என்கோடரை இன்டரப்ட்டில் (பின்னில் மாற்றம் வந்த உடனே, ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் நிரல் துண்டு) படியுங்கள். நானோவில் அதற்கு 2, 3 என்ற இரண்டு பின்கள். இன்டரப்ட்டுக்குள் எண்ணை ஏற்றுவது, இறக்குவது மட்டும் செய்யுங்கள். அதற்குள் திரையில் எழுதினாலோ எஸ்ஐ5351-க்குக் கட்டளை அனுப்பினாலோ நிரல் அப்படியே உறைந்து நின்றுவிடும், ஏனென்றால் ஐ2சியும் இன்டரப்ட்டை நம்பித்தான் ஓடுகிறது. அப்புறம், முந்தைய நிலையிலிருந்து இப்போதைய நிலைக்கு வர முடியுமா என்று பார்க்கும் முறையில் எழுதப்பட்ட லைப்ரரியைத் தேர்ந்தெடுங்கள். தொடர்பு முனை துள்ளினால், அதாவது மூடும்போதோ திறக்கும்போதோ ஒரு கணம் விட்டுவிட்டுத் தொட்டால், அது ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னுமாகக் கழிந்துவிடும்.

துள்ளலை ஒயரிலேயே அடக்கலாம். ஏ, பி ஒவ்வொன்றுக்கும் 10 கிலோஓம் புல்-அப், அப்புறம் தொடராக ஒரு 10 கிலோஓம், நானோவின் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்சர். நான்கு ரெசிஸ்டரும் இரண்டு கண்டென்சரும் சேர்ந்து சில ரூபாய்தான். மலிவான என்கோடரை நம்பகமாக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

திரைப் பக்கம் என்ன செய்யலாம்? எண் மாறினால் மட்டும் எழுதுங்கள். மாறிய இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். ஐ2சி எல்சிடியில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இரண்டு இலக்கம் மாற்ற மூன்று மில்லிசெகண்ட் போதும், முப்பத்திரண்டு எழுத்தையும் எழுதினால் நாற்பது. ஒவ்வொரு முறையும் திரையைத் துடைத்துவிட்டு எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், மினுங்கல் அதனால்தான். ஆனால் துடைக்காமல் எழுதினால் 10-க்கு அடுத்து 9 வரும்போது பழைய பூஜ்யம் நின்று 90 என்று காட்டும். எண்ணின் முன் வெற்றிடம் சேர்த்து எப்போதும் ஒரே நீளத்தில் எழுதினால் சரியாகிவிடும்.

நினைவகமும் ஒரு பங்கு கேட்கும். நானோவில் இருப்பது 2048 பைட். ஓஎல்இடியின் முழுப் படத்தையும் வைத்திருக்கும் லைப்ரரி அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். யு8ஜி2 லைப்ரரியில் பக்கம் பக்கமாக எழுதும் முறை இருக்கிறது, 128 பைட்டோடு முடித்துக்கொள்ளும்.

5. திரை போடும் சத்தம்

ரேடியோ அல்லாத கருவி செய்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மேக்ஸ்7219 தன் இலக்கங்களை விநாடிக்குச் சுமார் 800 முறை மாற்றி மாற்றி எரிக்கும். அது ரிசீவரில் ஒரு ரீங்காரமாகக் கேட்கும். ஓஎல்இடி போர்டு 3.3 வோல்ட்டை உள்ளே உயர்த்திக்கொள்வதால் அதுவும் சும்மா இருக்காது. 16×2 எல்சிடி இந்த வகையில் சாது. எழுதாத நேரத்தில் ஐ2சி கம்பியும் அமைதியாக இருக்கும். எந்தத் திரையானாலும் அதன் சப்ளை பின்னுக்குப் பக்கத்திலேயே 100 மைக்ரோஃபாரடும் 0.1 மைக்ரோஃபாரடும் போடுங்கள். ஆன்டெனா ஒயரைத் திரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் ரிசீவர் ஓடும்போதே திரையின் சப்ளை ஒயரை உருவிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

6. பிரெட்போர்டில் ஓட்டி, பிறகு பெட்டி

வாங்கியதும் முதலில் டிஸ்ப்ளேயை மட்டும் இணைத்து ஐ2சி முகவரி தேடும் நிரலை ஓட்டுங்கள். பிறகு எஸ்ஐ5351, அதன் முகவரி 0எக்ஸ்60, திரையோடு மோதாது, இரண்டும் ஏ4, ஏ5 பின்களைப் பகிர்ந்துகொள்ளலாம். கடைசியில் என்கோடர். திரையில் வெறும் எண்ணைக் காட்டி, பேனாக் கோடு போட்ட தண்டை வலப்பக்கம் வேகமாகப் பத்துச் சுற்று, இடப்பக்கம் பத்துச் சுற்று திருப்புங்கள். ஆரம்பித்த எண்ணுக்கே திரும்பி வர வேண்டும். ஒன்றிரண்டு தள்ளி நின்றால் பெட்டிக்குப் போகாதீர்கள், நான்காவது பகுதிக்குத் திரும்புங்கள். திருப்பும் திசைக்கு எதிராக எண் போனால் ஏ, பி ஒயரை மாற்றிப் போட்டால் போதும்.

பெட்டியில் ஈசி11-க்கு 7 மில்லிமீட்டர் துளை. வாங்கும்போதே நட்டும் வாஷரும் இருக்கிறதா என்று பாருங்கள், தனியாகக் கிடைப்பது சிரமம். வலது கைக்காரர் என்றால் குமிழைத் திரைக்கு வலப்பக்கமோ கீழேயோ வையுங்கள். இடப்பக்கம் வைத்தால் திருப்பும் கையே திரையை மறைக்கும். துளை போடுவதற்கு முன் அட்டையில் வெட்டி, குமிழைச் செருகி, நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கையை வைத்துப் பாருங்கள். இடம் சரியில்லை என்றால் கைமுட்டி உடனே சொல்லிவிடும்.